'நானே அரசு' என்று லூயி சொன்னாரா? ஞாயிறு கட்டுரை பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி பற்றியும் வெர்சாய் அரண்மனை பற்றியும் வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் ஐரோப்பிய வரலாற்றுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் படித்து முடித்த பிறகு மனசு ஆறவில்லை. பொய்முடி, வாசனைத் திரவியம், 357 கண்ணாடி பதித்த மண்டபம், ராஜா குளிக்கவே மாட்டார் என்ற கதை, நடுவில் கொட்டை எழுத்தில் 'நானே அரசு', கடைசியில் 'நினைத்ததையெல்லாம் செய்த வரம்பற்ற மன்னர்' என்று ஒரு தீர்ப்பு. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். இந்தச் சித்திரத்தை மனதில் ஏற்றிக்கொண்ட பிள்ளைக்கு அந்தக் காலத்து அரசாங்கம் எப்படி நடந்தது என்பது கடைசிவரை பிடிபடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வாசகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1655 ஏப்ரலில், பதினாறு வயது லூயி பாரிஸ் பார்லமென்டுக்குள் போய் நீதிபதிகளைப் பார்த்து 'நானே அரசு' என்றார் என்பது கதை. அன்றைய பிரான்சில் பார்லமென்ட் என்றால் சட்டசபை கிடையாது, உயர் நீதிமன்றம். மன்னரின் ஆணைகளைத் தன் ஏட்டில் பதிவு செய்வதும் அதன் வேலை. அந்த ஏடுகளில் இப்படி ஒரு வாக்கியமே இல்லை. மாறாக, 1715-ல் கால் அழுகி, சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த நாட்களில் அவர் சொன்னதாக அரசவையினர் குறித்து வைத்திருப்பது வேறு: 'நான் போகிறேன், ஆனால் அரசு என்றைக்கும் இருக்கும்.' தானும் அரசும் ஒன்று என்று நினைத்தவர் பேசுகிற பேச்சா இது?

அப்புறம் 'வரம்பற்ற' என்ற சொல். நம் பாடப்புத்தகங்களிலும் இதே சொல்தான், நானும் பல வருடம் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தேன், பிறகுதான் சங்கடப்பட ஆரம்பித்தேன். மூலமான லத்தீன் சொல்லுக்கு 'விடுவிக்கப்பட்ட' என்று பொருள். எதிலிருந்து விடுதலை? தான் போட்ட சட்டத்துக்குத் தானே கைதியாக இருக்கத் தேவையில்லை, மண்ணில் எந்த மனிதருக்கும் மன்னர் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான். 1576-ல் இந்தக் கோட்பாட்டை விரிவாக எழுதிய ழான் போதான் என்ற பிரெஞ்சு சட்ட அறிஞரே, தெய்வ நீதிக்கும் இயற்கை நீதிக்கும் மன்னர் கட்டுப்பட்டவர், குடிமக்களின் சொத்தை அவர் இஷ்டத்துக்குப் பறிக்க முடியாது, நாட்டின் அடிப்படைச் சட்டங்களில் கை வைக்க முடியாது என்று சேர்த்தே எழுதினார். டென்மார்க்கைப் பாருங்கள். மன்னரின் தனி அதிகாரத்தை ஒரு சட்டமாகவே எழுதி வைத்த நாடு அது. மூன்றாம் ஃபிரெடரிக் 1665-ல் கையெழுத்திட்ட அந்த அரசச் சட்டம்கூட மூன்று விஷயத்தில் மன்னரின் கையைக் கட்டியது: லூத்தரன் மதத்தை விடக்கூடாது, நாட்டைத் துண்டு போடக்கூடாது, இந்தச் சட்டத்தையே குறைக்கக்கூடாது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று கட்டுரையாளர் நினைக்கலாம். அதனால் லூயியின் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1711 முதல் 1714 வரை மூன்றே வருடத்தில் அவருடைய மகன், இரண்டு பேரன்கள், ஒரு கொள்ளுப்பேரன் என்று வாரிசுகள் வரிசையாகச் செத்துப்போனார்கள். ஸ்பெயின் மன்னராகிவிட்ட இன்னொரு பேரன் பிரெஞ்சுக் கிரீடத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தவர். மிஞ்சியது ஒரு சின்னக் குழந்தை. பயந்துபோன கிழவர், ஆசைநாயகி மொந்தெஸ்பான் சீமாட்டி மூலம் தனக்குப் பிறந்து, பிறகு சட்டப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டு மகன்களுக்கும் பட்டத்துக்கு உரிமை உண்டு என்று 1714 ஜூலையில் ஆணை போட்டார். அடுத்த மாதமே ஓர் உயிலும் எழுதினார்: குழந்தை ராஜா வளரும்வரை தம்பி மகன் ஓர்லேயான் கோமகன் பெயருக்குத் தலைவராக இருக்கட்டும், முடிவெல்லாம் ஒரு குழு எடுக்கட்டும் என்று. 1715 செப்டம்பர் 1 காலையில் லூயி இறந்தார். மறுநாள், ஒரே ஒரு நாள் கழித்து, பாரிஸ் பார்லமென்ட் அந்த உயிலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முழு அதிகாரத்தையும் ஓர்லேயான் கையில் கொடுத்தது. பதிலுக்கு, ஆணைகளைப் பதிவு செய்யும் முன்பே ஆட்சேபம் சொல்லும் உரிமையை, லூயி 1673-ல் பிடுங்கிக்கொண்ட உரிமையை, அது திரும்ப வாங்கிக்கொண்டது. 1717-ல் அந்த மகன்களின் பட்டத்துரிமையும் ரத்து. கிரீடம் மன்னரின் சொந்தச் சொத்தில்லை, அதை யாருக்கு என்று எழுதி வைக்க அவருக்கே அதிகாரம் கிடையாது என்பதுதான் காரணம். தன் உயிலின் கதி இப்படித்தான் ஆகும் என்று லூயிக்கே தெரிந்திருந்தது. 1643-ல் அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது, அவருடைய அப்பா எழுதிய ஏற்பாட்டையும் அதே பார்லமென்ட் சில நாட்களிலேயே செல்லாததாக்கியிருந்தது. 72 வருடம் ஆண்டவர், செத்த மறுநாள் அவர் சொல் எடுபடவில்லை.

சரி, அப்படியானால் அவ்வளவு பெரிய அரண்மனையும் அத்தனை சடங்கும் எதற்கு? கட்டுரை தொடாமல் விட்டது இந்தக் கேள்வியைத்தான்.

லூயியின் சின்ன வயதில் ஐந்து வருடம், 1648 முதல் 1653 வரை, ஃப்ரோந்த் என்ற கலகம் நடந்தது. முதலில் நீதிபதிகள் எதிர்த்தார்கள், பிறகு ராஜாவின் சொந்தக்காரர்களான பெரிய பிரபுக்களே படை திரட்டினார்கள். 1651 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, ராஜாவைத் தாயார் பாரிஸை விட்டுக் கடத்திப் போகிறாள் என்று வதந்தி கிளம்பி, ஜனங்கள் அரண்மனைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். கட்டிலில் பையன் இருக்கிறானா என்று பார்க்க வேண்டுமாம். பன்னிரண்டு வயதுப் பையன் உடையோடு போர்வைக்குள் கண்ணை மூடித் தூங்குவது போல் கிடந்தான், அவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ராத்திரியை அவர் மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் அவர் செய்த பல காரியங்களுக்குப் பின்னால் அந்தக் கட்டில் இருக்கிறது.

1661 மார்ச் 9-ல் முதலமைச்சர் மசரான் இறந்தார். இனி முதலமைச்சரே கிடையாது, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இருபத்திரண்டு வயது லூயி அறிவித்தார். உள் ஆலோசனை சபையிலிருந்து சொந்தத் தாயையும் தம்பியையும் இளவரசர்களையும் வெளியே அனுப்பினார். உள்ளே மிஞ்சியது மூன்று அமைச்சர்கள், மூவருமே பழைய பெரிய குடும்பங்களைச் சேராதவர்கள். அவர்களில் நிதி பார்த்த ஃபூக்கே ஆகஸ்ட் 17-ல் தன் புது மாளிகையில் ராஜாவுக்குப் பிரமாண்ட விருந்து வைத்தார், செப்டம்பர் 5-ல் கைதானார். விருந்தின் ஆடம்பரத்தைப் பார்த்துப் பொறாமை என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், ஆனால் கைது செய்யும் முடிவு விருந்துக்கு முன்பே எடுக்கப்பட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விசாரணை. மூன்று வருடம் இழுத்தது, மரண தண்டனைக்கு ராஜா தரப்பு எவ்வளவோ முயன்றும் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் நாடுகடத்தல் போதும் என்றார்கள். ராஜா அதை ஆயுள் சிறையாகக் கூட்டினார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: நீதிபதிகளை அவரால் வளைக்க முடியவில்லை, தீர்ப்பை அவரால் கடுமையாக்க முடிந்தது. அவருடைய அதிகாரத்தின் அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

நீதிபதிகளை ஏன் வளைக்க முடியவில்லை? முக்கியமான காரணம், அந்தப் பதவி அவர்கள் காசு கொடுத்து வாங்கியது. அரசுக்குப் பணம் தேவைப்பட்டபோதெல்லாம் பதவிகளை விற்றது. 1604 முதல் வருடா வருடம் ஒரு சிறு கட்டணம் கட்டினால் பதவியைப் பிள்ளைக்கும் விட்டுப் போகலாம். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் ராஜா அவர்களைச் சுலபமாக வெளியேற்ற முடியாது. அதனால்தான் மாகாணங்களுக்குத் தனியாக அதிகாரிகளை அனுப்பினார். வாங்கிய பதவி கிடையாது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம். வரி, படைக்கான ஏற்பாடு, நீதி மேற்பார்வை எல்லாம் அவர்கள் வழியாக நடந்தன. இந்த வறட்டு விஷயத்துக்குக் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

இனி வெர்சாய். அரசவை 1682 மே 6-ல் நிரந்தரமாக அங்கே குடியேறியது. காலை எட்டு மணி சுமாருக்குப் படுக்கையறைப் பணியாளர் ராஜாவை எழுப்புவார். பிறகு, யார் யார் எந்தச் சுற்றில் உள்ளே வரலாம் என்று கறாரான வரிசை உண்டு. சிலர் அவர் கட்டிலில் இருக்கும்போதே வரலாம், சிலர் உடை மாட்டும்போது, மற்றவர்கள் அதற்கும் பிறகு. சட்டையைக் கொடுப்பது ஒரு பெரிய மனிதரின் உரிமை. ராத்திரி அவர் படுக்கப் போகும்போது ஒரு மெழுகுவத்தித் தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அறை முழுக்க வெளிச்சம் இருக்கும், அந்த ஒற்றை விளக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் படை நடத்திய குடும்பத்துப் பிரபுக்கள் அந்தப் பெயர் தன் பெயராக இருக்காதா என்று காத்து நின்றார்கள்.

இதைப் படித்துவிட்டு என்ன பைத்தியக்காரத்தனம் என்று சிரிப்பவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டும். இது பைத்தியக்காரத்தனம் கிடையாது. படைத் தளபதி பதவி, மாகாண ஆளுநர் பதவி, ஓய்வூதியம், மகளுக்குச் சீதனம், தம்பிக்கு ஆயர் பதவி, எல்லாமே ராஜா கையால் கிடைப்பவை. 1516-ல் போப்புடன் செய்த ஒப்பந்தத்திலிருந்து பிரான்சில் ஆயர்களை முன்மொழிவதுகூட மன்னர்தான். ஆக, ராஜாவின் பக்கத்தில் இரண்டு நிமிடம் நிற்கக் கிடைப்பது என்பது மனு கொடுக்கக் கிடைத்த இரண்டு நிமிடம். யாருக்காவது ஒரு பதவி வேண்டும் என்று சிபாரிசு வந்தால், அந்த ஆள் அரசவைப் பக்கம் தலைகாட்டாதவராக இருந்தால், 'நான் பார்த்ததே இல்லையே அவரை' என்று லூயி சொல்லிவிடுவார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அதனால் சொந்த ஊரில் கோட்டை கொத்தளத்தோடு வாழ்ந்தவர்கள் வெர்சாயில் இருட்டான சிற்றறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். அங்கே கடன்பட்டு உடை தைத்தார்கள், சூதாடித் தோற்றார்கள், ராஜா கொடுக்கும் பணத்தை நம்பியே வாழவும் பழகினார்கள். ஃப்ரோந்த் காலத்தில் குதிரையேறிப் படை நடத்தியவர்களின் பிள்ளைகள், ராஜா நடந்து போகும்போது 'மன்னரே, மார்லி' என்று முணுமுணுத்தார்கள். பக்கத்திலிருந்த மார்லி மாளிகைக்கு அவர் போகும்போது தன்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று கெஞ்சல்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. ராணிக்கு முன்னால் கோமகள்களுக்கு மட்டும் முதுகு சாயாத ஒரு சின்ன முக்காலி உண்டு, மற்ற பெண்கள் நிற்க வேண்டும். அந்த முக்காலி உரிமையை ராஜா தன் இஷ்டத்துக்கு யாருக்கும் தூக்கிக் கொடுத்தால் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஃப்ரோந்த் சமயத்தில், 1649-ல், இரண்டு பெண்களுக்கு இந்த உரிமை கொடுத்ததற்கு எதிராகப் பிரபுக்கள் கூட்டம் கூடியே போராடினார்கள், அரசு பின்வாங்கியது. ராஜாவும் அதே கடிகாரத்தில் மாட்டிக்கொண்டவர்தான். அரசவையிலேயே வாழ்ந்து குறிப்பெழுதிய சேன் சிமோன் கோமகன், ஒரு பஞ்சாங்கமும் கடிகாரமும் இருந்தால் எங்கோ முந்நூறு காதத்துக்கு அப்பாலிருந்தே இப்போது ராஜா என்ன செய்கிறார் என்று சொல்லிவிடலாம் என்கிறார். சாப்பாடுகூட ஊர் பார்க்க. உடம்பு முடியாவிட்டாலும் முகம் காட்ட வேண்டும். 1686 நவம்பரில் ஆசனவாய்ப் புண்ணுக்கு மயக்க மருந்தில்லாமல் கத்தி வைத்த அன்றே அமைச்சர்களைக் கூட்டினார்.

குளியல் கதைக்கு ஒரு வரி. வெர்சாயில் 1670-களில் சலவைக்கல் தொட்டியோடு குளியலறைகளே கட்டினார், ஒரு நாளில் பல தடவை உள்ளுடை மாற்றினார். போதும்.

நான் லூயிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். வரம்பு இருந்தது என்று சொல்வதால் அவர் கை சுத்தம் என்று ஆகாது. 1685-ல், புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்து பாட்டனார் போட்ட நாந்த் ஆணையை ரத்து செய்தார். அதற்கு முன்பே அவர்கள் வீடுகளில் சிப்பாய்களைக் குடிவைத்து, மதம் மாறும்வரை சித்திரவதை. சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள், நெசவாளர்கள், கடிகாரக்காரர்கள், படை அதிகாரிகள் என்று. அதே வருடம் காலனிகளில் அடிமைகளை உடைமையாக நடத்துவதற்கான சட்டமும் வந்தது. அதே வருடம்தான் வெர்சாய் நீரூற்றுகளுக்காக யூர் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டப் பல்லாயிரம் சிப்பாய்களை இறக்கினார்கள். காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், கால்வாய் முடியவே இல்லை, மேந்தெனோனில் அரைகுறைத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. யாரை அடிக்க முடியும், யாரிடம் பேரம் பேச வேண்டும் என்று அந்த ஆட்சிக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நிலவரியிலிருந்து பிரபுக்களுக்கும் குருமாருக்கும் விலக்கு. கட்டியது குடியானவன்.

1693, 1694 பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் பத்து லட்சத்துக்கும் மேல் செத்தார்கள், நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் இரண்டு கோடி. அப்புறம் 1709 ஜனவரி. ஆறுகள் உறைந்தன, விதைத்த கோதுமை மண்ணுக்குள்ளேயே கருகியது, ரொட்டி கேட்டுப் பெண்கள் வெர்சாய் நோக்கி நடக்கப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் ஸ்பானிய வாரிசுப் போரில் தோல்விமேல் தோல்வி. சமாதானம் கேட்டால், ஸ்பெயின் அரியணையில் இருக்கும் உங்கள் பேரனை நீங்களே படை அனுப்பி இறக்குங்கள் என்றார்கள் எதிரிகள். லூயி மறுத்தார். மறுத்துவிட்டு அவர் செய்த காரியம்தான் எனக்கு அவர் ஆட்சியிலேயே ஆச்சரியமானது. ஜூன் 12-ல் மாகாண ஆளுநர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார், ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று அச்சடித்து நாடெங்கும் பரப்பினார்கள். சமாதானத்துக்காக எவ்வளவு இறங்கிப் போனேன், ஏன் இதற்கு மேல் இறங்க முடியவில்லை என்று அதில் விளக்கியிருந்தார். எந்த மனிதருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று கோட்பாடு சொன்ன மன்னர், எழுபது வயதில், பட்டினி கிடக்கும் தன் குடிகளுக்குக் கணக்குச் சொன்னார். செப்டம்பரில் மால்பிளாக்கே போரில் அந்த ஜனங்களின் பிள்ளைகள் எதிரிக்கு இரட்டிப்புச் சேதம் உண்டாக்கிவிட்டே பின்வாங்கினார்கள். அந்தக் கடிதத்தைத் தமிழில் மொழிபெயர்த்து உங்கள் இணைப்பில் போடலாம், கண்ணாடி மண்டபத்தின் படத்தைவிட அது நிறையச் சொல்லும்.

அடுத்த வாரம் மரி அந்துவானெத் பற்றி எழுதப்போவதாக அறிவிப்புப் பார்த்தேன். ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்ற வரியைத் தயவுசெய்து அவர் வாயில் போடாதீர்கள். ஏதோ ஓர் இளவரசி இப்படிச் சொன்னதாக ரூஸோ எழுதியபோது மரி அந்துவானெத் வியன்னாவில் இருந்த சிறுமி, பிரான்சுக்கு வந்ததே 1770-ல். அதற்குப் பதிலாக அவருடைய பணிப்பெண் காம்பான் சீமாட்டி எழுதி வைத்த ஒரு குளிர்காலக் காலையைப் போடுங்கள். ராணி உடை களைந்து நிற்கிறார், உள்ளாடை காம்பான் கையில் விரித்தபடி தயார். அதற்குள் அந்தஸ்தில் மேலான ஒரு சீமாட்டி வருகிறார், கையுறையைக் கழற்றிவிட்டு ஆடையை வாங்கிக்கொள்கிறார், உரிமை அவருடையது. கதவு தட்டப்படுகிறது, ஓர்லேயான் கோமகள். அவர் இன்னும் மேலே, ஆடை அவர் கைக்குப் போகிறது. மறுபடி கதவு, ராணியின் மைத்துனர் மனைவி புரோவான்ஸ் சீமாட்டி, ஆடை மறுபடி கை மாறுகிறது. அவ்வளவு நேரமும் பிரான்ஸ் தேசத்து ராணி கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கியபடி நின்றுகொண்டிருந்தார்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர்